திருச்சி – கோலாலம்பூர்: டிக்கெட்டில் போக ஆறரை மணி, வர ஒன்றரை மணி?

கீழக்கரைப் பையன்:
வாப்பா, உம்மா ரெண்டு பேருக்கும் கோலாலம்பூர் டிக்கெட் பார்க்கிறேன். திருச்சியில் இரவு 10.30-க்குக் கிளம்பி காலை 5.00-க்கு இறங்குது. திரும்பும்போது இரவு 8.30-க்குக் கிளம்பி 10.00-க்கே வந்துருது. அசல் நேரம் எவ்வளவு? தூரம் எவ்வளவு? சென்னை போய் ஏறினால் சீக்கிரம் போகலாமா?

தொண்டி காக்கா:
டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர்க் கடிகாரம், தம்பி. மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். போகும்போது இரண்டரையைக் கழி, வரும்போது கூட்டு. இரண்டு பக்கமும் நாலு மணி நேரம்தான்.

நேர்கோட்டில் தூரம் சுமார் 2,690 கி.மீ. மணிக்கு 830 கி.மீ. வேகம் என்றால் மூணேகால் மணி. ஓடுபாதை வரை ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்துதான் நாலு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் தலைக்கு மேலே மிக உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். 60 கி.மீ. எதிர்காற்று இருந்தாலே போகும்போது கால் மணி நேரம் கூடும், வரும்போது அது லாபம்.

சென்னையிலிருந்து சுமார் 2,630 கி.மீ. வானத்தில் 60 கி.மீ. மிச்சம் பிடிக்க ராத்திரி முழுக்க ரோட்டில் கிடக்கணுமா?

தேவிபட்டினம்:
திருச்சியே சரி. இராமநாதபுரத்திலிருந்து தேவகோட்டை, காரைக்குடி, திருமயம், புதுக்கோட்டை வழியாக வந்தால் விமான நிலையம் ஊருக்கு முன்னாலேயே, புதுக்கோட்டை ரோட்டிலேயே வந்துவிடும். திருச்சி நெரிசலுக்குள் நுழையவே வேண்டாம். காரில் மூன்றரை மணி நேரம், கீழக்கரையிலிருந்து இன்னும் அரை மணி. ரயிலில் வந்தால் ஜங்ஷன் வரை போய்த் திரும்பி வரணும், பெட்டிகளோடு தேவையில்லாத அலைச்சல். பெட்டி போடும் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். 10.30 விமானத்துக்கு 7.30-க்கு உள்ளே இருக்கணும் என்றால், வீட்டை விட்டு மூன்று மணிக்கே கிளம்புங்கள்.

பரமக்குடி பாலா:
மதுரை – கொழும்பு – கோலாலம்பூர் வழியும் பாருங்க. மதுரை – கொழும்பு 355 கி.மீ., ஒரு மணி நேரம். அங்கிருந்து சுமார் 2,470. மொத்தத்தில் திருச்சி நேர் வழியைவிட 135 கி.மீ. தான் கூடுதல். ஆனால் கொழும்பில் காத்திருக்கிற நேரம்தான் எல்லாத்தையும் தின்னும். இரண்டும் ஒரே டிக்கெட்டா இருக்கணும். தனித்தனியா போட்டால் முதல் விமானம் தாமதமானதும் அடுத்ததைப் பறிகொடுக்க வேண்டியதுதான், பணமும் திரும்பாது. பெரியவங்களுக்கு நேர் விமானமே நல்லது.

தொண்டி காக்கா:
சொல்ல விட்டது. நள்ளிரவு 12.20 விமானம் எடுத்தால் தேதியைக் கவனி. 15-ஆம் தேதி 12.20 என்றால் 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் நிற்கணும். விமானத்தைத் தவறவிடுகிறவர்களில் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்பணும். இலவசம்தான், காசு கேட்கும் தளங்களை நம்பாதே.

கூட்டிப்போக வருபவரிடம் டெர்மினலைச் சொல்லிவிடு. ஏர்ஏசியா டெர்மினல் 2, பாத்திக் ஏர் டெர்மினல் 1. நகரம் 50 கி.மீ.க்கு மேல், விரைவு ரயிலில் அரை மணி. உம்மாவுக்கு நடக்கச் சிரமம் என்றால் வீல்சேரை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடு.