புதுப்பிப்பு: உயரமான டம்ளரும் அகலமான கும்பாவும்

கும்பாவைவிட உயரமான டம்ளரில்தான் தண்ணீர் அதிகம் பிடிக்கும் என்று எங்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பிடிவாதம் செய்வதைச் சென்ற மாதம் எழுதி, வழி கேட்டிருந்தேன். உங்களில் சிலர் கூறியபடி, பாளையங்கோட்டை வீட்டுப் பரணில் கிடந்த பித்தளை ஆழாக்கைக் (பழைய அளவைப் பாத்திரம்; 8 ஆழாக்கு ஒரு படி) கொடுத்து அவர்களையே ஊற்றி எண்ண வைத்தேன். டம்ளர் இரண்டு ஆழாக்கிலேயே ததும்பியது, கும்பாவோ ஐந்தை வாங்கிக்கொண்டது. ஏறத்தாழ 7 வயதுவரை பிள்ளைகள் உயரத்தை மட்டுமே நோக்குவது இயல்பென்று குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே விளக்கியிருப்பதால், அதட்டித் திருத்துவது முறையன்று.

எடைக்கு, ஒரு கம்பின் இருமுனைகளிலும் ஓலைக்கொட்டான்களைக் கட்டி, ஒன்றில் சிறு கருப்பட்டியையும் மற்றொன்றில் இலவம்பஞ்சையும் வைத்தோம். கருப்பட்டிப் பக்கம் தாழ்ந்ததும், “சின்னதுதான கனமா இருக்கு, டீச்சர்!” என்று ஒரு சிறுமி வியந்தாள். அடுத்த வாரம் ஓர் ஆழாக்கு அரிசியையும் ஓர் ஆழாக்குப் பொரியையும் நிறுக்கவிருக்கிறோம்.