1976 அம்பாசடருக்கு எந்த சிபி ஏரியல் பொருந்தும்? பாடியில் ஓட்டை போடாமல் மாட்ட வழி வேண்டும்

ராயபுரம் மார்க்3:
வணக்கம். அப்பா கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவர். 1977இல் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் 23 சேனல் சிபி ரேடியோ செட் ஒன்று வாங்கி வந்தார். சிபி என்றால் சிட்டிசன் பேண்ட், பொதுமக்கள் கொஞ்ச தூரத்துக்குள் பேசிக்கொள்ளும் வயர்லெஸ். ரொம்ப மலிவாகக் கிடைத்தது என்பார். வீட்டில் ஒரு நாள்கூட அதைப் போட்டதில்லை. பழைய லுங்கியில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியிலேயே வைத்திருந்தார். இந்த வருடம் எங்கள் 1976 அம்பாசடர் மார்க் 3 வண்டியைப் பிரித்து, தகரம் ஒட்டி, பெயின்ட் அடித்து முடித்தோம். அப்பாவுக்கு இப்போது 81 வயது. அந்த செட்டை டேஷ்போர்டுக்குக் கீழே மாட்டி, அவர் முன்சீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஏரியலில்தான் மாட்டிக்கொண்டேன். காசிமேட்டில் படகுக்கு வைக்கும் வெள்ளை ஃபைபர் ஏரியல் ஒன்றை இரவல் வாங்கிக் கட்டிப் பார்த்தேன். செட்டில் இருக்கும் சின்ன மீட்டர் முள் அசையவே இல்லை. இன்றைய குட்டை ரப்பர் ஏரியல் வண்டிக்குப் பொருந்தாது. அந்தக் காலத்து அமெரிக்க லாரிகளில் இருந்த மாதிரி இரண்டு பக்கமும் நீளக் கம்பி வைக்கலாமா? புது பெயின்ட்டில் ஓட்டை போட மட்டும் மனசு வரவில்லை.

காசிமேடு செட் மெக்கானிக்:
தம்பி, முதலில் ஒன்று. ஏரியல் சரியாகும்வரை மைக் பட்டனை அழுத்தவே அழுத்தாதீர்கள். பொருந்தாத ஏரியலில் பேசினால் அனுப்பும் சக்தி செட்டுக்குள்ளேயே திரும்பி வரும். அந்தக் காலத்து செட்டில் பெரும்பாலும் அதைத் தடுக்க எதுவும் இருக்காது, கடைசி டிரான்சிஸ்டர் போய்விடலாம்.

நீங்கள் இரவல் வாங்கியது விஎச்எஃப் ஏரியல், உங்கள் செட்டை விட ரொம்ப உயர்ந்த அதிர்வெண்ணுக்கு உள்ளது. படகில் நாங்கள் கூப்பிடும் 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். உங்கள் செட் 27 மெகாஹெர்ட்ஸ். ஏரியல் கம்பி ரேடியோ அலையில் கால் பங்கு நீளம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் எங்களுக்கு அரை மீட்டர் போதும், உங்களுக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் வேண்டும். சுறா வலையைப் போட்டு நெத்திலி பிடிக்கிற கதைதான். அதனால் செட்டில் கோளாறு என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

வண்ணாரப்பேட்டை பழைய வண்டி:
இரட்டைக் கம்பி ஆசையை விட்டுவிடுங்கள் சார். இரண்டும் சேர்ந்து வேலை செய்ய நடுவில் கிட்டத்தட்ட ஒன்பது அடி இடைவெளி வேண்டும். அம்பாசடரின் அகலமே ஐந்தரை அடி. பார்க்க எடுப்பாக இருக்கும், கேட்பதற்கு ஒரு கம்பியை விடப் பெரிதாக ஒன்றும் அதிகமாகாது.

அந்தக் காலத்தில் எல்லோரும் ஆசைப்பட்டது 102 இன்ச் எஃகுக் கம்பி, கீழே ஸ்பிரிங் வைத்து பின் பம்பரில் மாட்டுவது. கால் அலைக்குக் கம்பியே போதும், காயில் (நீளக் குறையை ஈடுகட்டும் கம்பிச் சுருள்) தேவையில்லை, வேலையும் நன்றாகச் செய்யும். ஆனால் எட்டரை அடிக் கம்பி பம்பரிலிருந்து கிளம்பினால் பத்தடியைத் தாண்டும். எங்கள் தெருவில் கேபிள் டிவி வயர் தொங்கும் உயரத்தை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. பம்பர் மூலையில் வைத்தால் இன்னொன்றும் உண்டு. வண்டியின் தகரம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும், மற்ற பக்கம் மந்தம்.

என் யோசனை: அடியில் காயில் வைத்த நாலடி எஃகுக் கம்பி. இதுவும் 1970களின் சரக்குதான். அம்பாசடர் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் வடிய ஒரு விளிம்பு ஓடுகிறதே, அதில் கடிக்கிற கிளாம்ப் போட்டு மாட்டலாம். இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் அந்த விளிம்பே கிடையாது. ஓட்டை வேண்டாம், வேண்டாதபோது கழற்றி டிக்கியில் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் சிபி செட் திருட்டு அதிகமாக இருந்த காலத்தில் அங்கேயும் இப்படித்தான் கழற்றி வைத்தார்கள். காந்த அடி வேண்டாம். நம்ம கடல் காத்துக்கு அதன் அடியில் உப்பு ஈரம் சேர்ந்து புது பெயின்ட்டைத் தின்றுவிடும்.

கிளாம்ப் ஸ்குரூ பெயின்ட்டைத் தாண்டி வெறும் தகரத்தைத் தொட வேண்டும். விளிம்பின் உள்பக்கம் ஒரு மிளகு அளவு சுரண்டினால் போதும். மாட்டியதும் கிரீஸ் தடவுங்கள், இல்லையென்றால் ஆறே மாதத்தில் துரு.

அப்புறம், பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்தீர்களா? பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு, அதாவது பாசிட்டிவ் முனை பாடிக்குப் போகும். செட்டின் பெட்டி நெகட்டிவோடு சேர்ந்திருந்து, வண்டி பாசிட்டிவ் எர்த்தாக இருந்தால், செட்டை மரப்பலகை மேல் வைத்தாலும் தப்ப முடியாது. ஏரியல் கேபிளின் வெளிப்பின்னல் வழியாகவே ஷார்ட் ஆகி வயர் எரியும்.

ராயபுரம் மார்க்3:
பார்த்துவிட்டேன் அண்ணே, நெகட்டிவ்தான் பாடிக்குப் போகிறது. கிளாம்ப் யோசனை ரொம்பப் பிடித்திருக்கிறது. முன் மட்கார்டில் பழைய ஏஎம் ரேடியோ ஏரியலுக்குப் போட்ட ஓட்டை ஒன்று இருக்கிறதே, அதையே பயன்படுத்த முடியாதா?

பெரம்பூர் ஹாம்:
அந்த இழுவைக் கம்பியை அப்படியே சிபிக்குப் போட முடியாது. அதன் கேபிளும் வேறு வகை. சிபி செட்டுக்கு 50 ஓம் வேண்டும், அதாவது ஆர்ஜி-58 என்ற கேபிள். ரேடியோ ஏரியல் மாதிரியே தோற்றமளிக்கும் மறைவு சிபி ஏரியல் 1970களில் வந்தது. ஏஎம் ரேடியோவுக்கும் சிபிக்கும் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும், அதோடு வரும் பிரிப்புப் பெட்டியும் சேர்ந்து கிடைத்தால்தான் பயன். கிளாம்ப்பே நல்லது.

உங்கள் அப்பாவுக்கு மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1977 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் சிபி 40 சேனலாகியது. 23 சேனல் செட்டுகளைக் கடைக்காரர்கள் வந்த விலைக்குத் தள்ளினார்கள். இங்கே அதைப் போடாமல் வைத்ததற்கும் காரணம் உண்டு. 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதே குற்றமாக இருந்தது.

இப்போது நிலைமை வேறு. 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை 5 வாட்டுக்குள் இந்தியாவில் லைசென்ஸ் விலக்கு இருக்கிறது. உங்கள் செட்டின் முதல் சேனல் 26.965, கடைசிச் சேனல் 27.255. மொத்தமும் அதற்குள் அடங்குகிறது! 40 சேனல் செட் என்றால் 27.405 வரை போய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் விலக்கு இருந்தாலும் அந்த மாடல் கருவிக்கு அரசின் வகை ஒப்புதல் வேண்டும், 1970களின் செட்டுக்கு அது இருக்காது. எனவே கேட்பதோடு நிறுத்துங்கள். மைக்கை உறையில் போட்டு வைத்துவிடுங்கள்.

டியூன் செய்ய செட்டில் பேசவே வேண்டாம். என்னிடம் ஏரியலை அளக்கும் நானோ விஎன்ஏ என்ற சின்னக் கருவி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.

ராயபுரம் மார்க்3:
நடந்ததைச் சொல்கிறேன். ஓட்டுநர் பக்கம் பின்கதவுக்கு மேலே விளிம்பில் கிளாம்ப் போட்டோம். முதல் அளவில் ஒரே குழப்பம். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் திரையில் கோடு குதித்தது. எர்த் சரியில்லை என்று ஹாம் அண்ணா சொன்னார். கழற்றிப் பார்த்தால் ஸ்குரூ நுனி பெயின்ட் மேலேயே நிற்கிறது. சுரண்டி மாட்டியதும் கோடு அடங்கியது.

ஏரியல் எந்த அதிர்வெண்ணுக்குப் பொருந்துகிறதோ அங்கே திரையில் கோடு பள்ளமாக இறங்கும். அந்தப் பள்ளம் 27.6இல் விழுந்தது. கம்பி குட்டை என்று அர்த்தமாம். காயில் தலையில் உள்ள சின்ன ஸ்குரூவைத் தளர்த்தி, கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினோம். நாலு சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றிய பிறகு 27.11க்கு வந்தது. அது 12க்கும் 13க்கும் நடுவில், அதாவது 23 சேனலுக்கும் சரியான மையம். இரண்டு ஓரத்திலும் எஸ்டபிள்யூஆர் (சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு, 1க்கு அருகில் இருந்தால் நல்லது) 2க்குள் நின்றது.

அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து சேனல் குமிழைத் தானே திருப்பினார். ஒவ்வொரு எண்ணிலும் நின்று, இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து, இரைச்சலைக் கேட்டு, அடுத்ததற்குப் போனார். 23 வரை போய்விட்டு மறுபடி 1க்கு வந்தார். லுங்கி மடியிலேயே இருந்தது.

இப்போது ஒரே ஒரு தொல்லை. வண்டியை ஸ்டார்ட் செய்தால் டிக்டிக் என்று சத்தம், ஆக்சிலேட்டர் கொடுத்தால் அதுவும் வேகமாகிறது.

வண்ணாரப்பேட்டை பழைய வண்டி:
அது இக்னிஷன் சார். ரெசிஸ்டன்ஸ் உள்ள பிளக் கேப் நாலு வாங்கி மாட்டுங்கள். அது போன பிறகு உய்ங் என்று ஒரு சத்தம் மிச்சம் இருந்தால் சார்ஜிங் பக்கம் பார்க்க வேண்டும். சனிக்கிழமை வண்டியை எடுத்து வாருங்கள், பானெட்டைத் திறந்து பார்த்துவிடலாம். நைனாவையும் கூட்டி வாருங்கள்.