போலித் தூண்டலிலும் மனக்கலக்கம் குறைந்தால், எதிர்பார்ப்பின் பங்கைப் பிரிப்பது எப்படி?

கேள்வி:
டி.டி.சி.எஸ். (மண்டையோட்டின் மேல் வைத்து மூளைக்கு மெல்லிய நேர்மின்சாரம் கொடுக்கும் முறை) செய்கிறோம், ஒரு குழுவுக்கு நிஜமாக, இன்னொரு குழுவுக்குப் போலியாக. நேர்முனை தலையின் இடது முன்பக்கத்தில், எஃப்3 புள்ளியில் (முன்மூளைக்கு மேலே உள்ள மூளை அலைப் பதிவு இடம்). எதிர்முனை வலக் கண்ணுக்கு மேலே. 2 மில்லி ஆம்பியர், 20 நிமிடம். வருத்தமூட்டும் படங்களைக் காட்டி, மனக்கலக்கத்துக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் கேட்கிறோம். போலிக் குழுவிலும் அதே அளவு இறங்கினால், மின்சாரம் பலிக்கவில்லையா? 'குறையும்' என்ற நம்பிக்கை குறைத்ததா?

பதில் 1:
இரண்டு குழுவை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. நான்கு வேண்டும். நிஜமோ போலியோ, இரண்டிலும் பாதிப் பேரிடம் 'சிகிச்சை ஓடுகிறது' என்றும் மீதிப் பேரிடம் 'ஓடவில்லை' என்றும் சொல்லுங்கள். உண்மையை மறைப்பதால் நெறிக்குழு அனுமதி வேண்டும், முடிந்ததும் விளக்கிவிட வேண்டும்.

எதிர்பார்ப்பை 0–10 அளவில், அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு, மின்சாரம் தொடங்கும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் மட்டும் 'நிஜமா, போலியா?' என்று கேட்டால், மனம் லேசானவர் 'நிஜம்' என்பார். குட்டு வெளிப்பட்டதா, பலன் தெரிந்ததா என்று பிரிக்க வழியிருக்காது.

பதில் 2:
குட்டு உடைவது பெரும்பாலும் தோலில்தான். போலியில் மின்சாரம் அரை நிமிடத்தில் ஏறி, சற்று நின்று, இறங்கிவிடும், அரிப்பும் அடங்கும். நிஜத்தில் 2 மில்லி ஆம்பியருக்கு அரிப்பு நீடிக்கலாம், கழற்றும்போது நெற்றி சிவந்திருக்கலாம். ஒரே ஆளுக்கு இரண்டையும் கொடுத்தால் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்.

மின்முனையைச் சுற்றும் ஸ்பாஞ்ச் 5×7 செ.மீ. உப்புநீர் வழிந்தால் மின்சாரம் ஈரமுடி வழியே பரவும். காய்ந்தால் தடை ஏறிக் குத்தும். 5-ஆம் நிமிடமும் முடிவிலும் அரிப்புக்குத் தனி மதிப்பெண் வாங்குங்கள். இயக்குபவர் கையில் குறியீட்டு எண் மட்டும் இருக்கட்டும். 'இப்போ லேசா இருக்கா?' என்ற ஒரு கேள்வி போதும், எல்லாம் கெட்டுவிடும்.

பதில் 3:
நிஜத்திலிருந்து போலியைக் கழித்தால் மிச்சம் மின்சாரத்தின் பலன் என்ற கணக்கை நான் நம்பமாட்டேன். எதிர்பார்ப்பால் வரும் ஆறுதலிலும் அதே முன்மூளைப் பகுதிக்குப் பங்குண்டு. 2010-இல் வெளியான ஒரு வலி ஆய்வில், அங்கே குறைந்த அதிர்வெண் காந்தத் தூண்டல் கொடுத்ததும் மருந்துப்போலி (மருந்தில்லாத போலிச் சிகிச்சை) தந்த வலித்தணிப்பே மறைந்தது. ஆகவே 'சொன்னது × கொடுத்தது' ஊடாட்டத்தையும், அதாவது சொன்னதைப் பொறுத்து மின்சாரத்தின் பலன் மாறுகிறதா என்பதையும், பகுப்பாய்வில் சேருங்கள். அதற்கு ஆட்கள் கூடுதலாக வேண்டும்.

சொல்லும் மதிப்பெண் ஆய்வாளரைத் திருப்திப்படுத்தவும் இறங்கும். தோல் மின்கடத்தலையும் (கலக்கத்தில் வியர்ப்பதால் மாறும் அளவு) பதிவு செய்யுங்கள்.

கேட்டவர்:
'ஓடவில்லை' என்று சொன்னவருக்கு அரிப்பு வந்தால்?

பதில் 1:
'பொருத்தத்தைச் சோதிக்கும் மின்சாரம் மட்டும் போகும், சிகிச்சைப் பலன் இருக்காது, அரிக்கலாம்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அரித்த பிறகு சொன்னால் எடுபடாது.