நூறு வெள்ளிப்பணம் தேத்தண்ணிக் காசா?

கதியால்:
நேற்று இந்த இணையக் களத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: "ஆண்டவர் நமக்கு மன்னித்ததோடு பார்த்தால் அயலவன் செய்த குற்றம் வெறும் தேத்தண்ணிக் காசு. அதையும் விடாதவன் கிறிஸ்தவனா?" வாசித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. மத்தேயு 18இல் இயேசு சொன்ன உவமையில், ராசா பெருங்கடனை மன்னித்துவிட்ட ஒரு வேலைக்காரனுக்குச் சக வேலைக்காரன் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒருநாள் கூலி. 20ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்டக் கதையைப் பாருங்கள். அப்படியென்றால் நூறுநாள் கூலி. மேசன் வேலைக்குப் போகிற ஒருவரிடம் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சம்பளத்தைத் தேத்தண்ணிக் காசு என்று சொல்லிப் பாருங்கள்.

பாசையூர் மெழுகுதிரி:
எழுதினது நான்தான் அண்ணை. அந்த வேலைக்காரன் ராசாவுக்குப் பட்ட கடனை ஏன் விட்டுவிட்டீர்கள்? பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம். ஆறு கோடி நாள் கூலி! பரம்பரையே உழைத்தாலும் தீராது. அவ்வளவையும் ராசா ஒரே சொல்லில் விட்டார். வெளியே வந்தவன் நூறுக்காக மற்றவனின் தொண்டையைப் பிடித்தான். உவமையே அதுதானே.

கதியால்:
பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்னது, சரி. இழந்தவனுக்கு அது நூறுநாள் கூலி. உவமை அதைச் சில்லறை என்று சொல்லவில்லை. நீங்கள் சொன்னீர்கள்.
95 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்துச் சனம் யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது, வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தால் கிழக்கு வேலி இரண்டு முழம் உள்ளே அரக்கியிருக்கிறது. ஐயா நட்ட கிளுவை அந்தப் பக்கம் போய்விட்டது. அரக்கினவர் ஞாயிறுதோறும் முன்வாங்கில் இருந்து நற்கருணை எடுக்கிறார். இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை. லூக்கா 17:3 என்ன சொல்கிறது? அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னி. பட்டால்!

வட்டுக்கோட்டையான்:
உங்கள் இருவருக்கும் செபத்திலேயே பிழை. கர்த்தர் கற்பித்த செபத்தில் கத்தோலிக்கர் நீங்கள் "நாங்கள் பொறுப்பது போல" என்கிறீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டுகூடப் பொறுக்கலாம். எங்கள் புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் கடன், கடனாளி, மன்னிப்பு என்று தெளிவாக இருக்கிறது.

பாசையூர் மெழுகுதிரி:
தொடங்கிவிட்டார். எந்த உரையாடல் திரியிலும் உங்களுக்கு எங்கள் செபத்தில் ஒரு பிழை வேண்டும். "பாவங்களைப் பொறுத்தருளும்" என்று கேட்கும்போது கடவுளைப் பல்லைக் கடிக்கவா சொல்கிறோம்? போன தவக்காலத்திலும் இதைத்தான் எழுதினீர்கள்.

கதியால்:
செபத்தை விடுங்கள். நூறுநாள் கூலிக்குப் பதில் எங்கே?

நவாலி மகள்:
95 யூலை 9ஆம் திகதி எங்கள் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின்மேல் விமானப்படை விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு மன்னியுங்கள் என்று எத்தனையோ பேர் எங்களுக்குப் போதித்துவிட்டார்கள். யார் எங்களிடம் வந்து மனஸ்தாபப்பட்டார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பாசையூர் மெழுகுதிரி:
அக்கா, உங்கள் துக்கத்தைச் சின்னது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் சிலுவையின் கீழே நின்றவர்கள் மன்னிப்புக் கேட்டார்களா? கேட்காதவர்களுக்காகத்தானே ஆண்டவர் பிதாவிடம் மன்றாடினார்?

வட்டுக்கோட்டையான்:
அந்த மன்றாட்டு வரும் லூக்கா 23:34 பழைய கைப்பிரதிகள் சிலவற்றில் இல்லை. தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

பாசையூர் மெழுகுதிரி:
பெரிய வெள்ளியன்று உங்கள் போதகர் அந்த வசனத்தைப் பிரசங்கிப்பதில்லையா? அவரிடம் போய்ச் சொல்லுங்கள், கைப்பிரதியில் இல்லை என்று.

கதியால்:
பார்த்தீர்களா, அக்காவிடம் "சின்னது இல்லை" என்கிறார். எனக்கு மட்டும் தேத்தண்ணிக் காசு. அந்தச் சொல்லை எடுங்கள்.

சுண்டுக்குளி:
ஒக்டோபர் 30 என்றீர்கள். 90ஆம் ஆண்டு அதே திகதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனங்களைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு வந்துபோன குடும்பங்களும் போயின. நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். அவர்கள் இந்தக் கணக்கை எங்களிடம் கேட்டால் என்ன சொல்வோம்? கேட்குமுன் நாங்கள் மனஸ்தாபப்பட்டோமா?

கதியால்:
அது வேறு திரி. வெளியேற்றியது நானில்லை. இங்கே பேச்சு நூறு வெள்ளிப்பணம்.

சுண்டுக்குளி:
வேறு திரி இல்லை. நீங்கள் கடன் கொடுத்தவர் என்று மட்டுமே உங்களை நினைக்கிறீர்கள்.

கதியால்:
நான் ராசாவுக்குக் கடன்பட்டவன், ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் சொல்கிறேன். அதற்காக என் இரண்டு முழம் காணி இல்லாமல் போய்விடாது.

பாசையூர் மெழுகுதிரி:
ஒன்று கேட்கிறேன் அண்ணை. லூக்கா 17:3 "மனஸ்தாபப்பட்டால்" என்று தொடங்கவில்லை. அதற்கு முன் "அவனைக் கடிந்துகொள்" என்று இருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒருநாளாவது அந்த வீட்டுப் படலையைத் திறந்துபோய், நீங்கள் செய்தது பிழை என்று சொன்னீர்களா?

கதியால்:
நான் ஏன் போகவேண்டும்? வேலியை அரக்கினவர் அவர்.

பாசையூர் மெழுகுதிரி:
வசனம் உங்களைத்தான் போகச் சொல்கிறது.

கதியால்:
முதலில் தேத்தண்ணிக் காசை எடுங்கள். நூறுநாள் கூலி என்று எழுதுங்கள். பிறகு படலையைப் பற்றிக் கதைக்கலாம்.

வட்டுக்கோட்டையான்:
"பொறுப்பது" பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.