வேலியோரக் கொட்டகை: விதிக்குள் கட்டினால் அயலாருக்குக் கேள்வி கேட்க இடமில்லையா?

பின்தோட்டம்:

இங்கிலாந்தில் சொந்த வீட்டின் பின்தோட்டத்தில் கொட்டகை போடுவதற்கு அயலாரின் சம்மதம் தேவையில்லை. இதைப் பலரும் அறிந்திருக்கிறார்கள். அறிந்தும் ஏற்க மனம் வராதவர்கள் கவுன்சிலுக்குப் புகார் எழுதுகிறார்கள். சைக்கிள்களையும் தோட்டக் கருவிகளையும் வைப்பதற்காக, வேலியிலிருந்து அரை மீட்டர் தள்ளி, அடித்தளத்தையும் சேர்த்து 2.4 மீட்டர் உயரத்தில் ஒரு மரக் கொட்டகை கட்டினேன். கூரை வேலை முடிவதற்குள் கவுன்சிலின் அமலாக்கப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. அலுவலர் நேரில் வந்து அளந்தார். விதிமீறல் எதுவுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கோப்பை மூடினார்.

தனியாக அனுமதி கேட்காமலே எவற்றைக் கட்டலாம் என்று வகுக்கும் 2015-ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணை இதில் தெளிவாகவே இருக்கிறது. எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வரும் கொட்டகை 2.5 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. அதைவிடத் தள்ளிக் கட்டினால், இருபுறம் சரியும் கூரைக்கு 4 மீட்டரும் மற்றக் கூரைகளுக்கு 3 மீட்டரும் உச்சவரம்பு. கூரையின் கீழ்விளிம்பு மட்டும் எந்த நிலையிலும் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. வீட்டின் முகப்புக்கு முன்னால் கட்டக் கூடாது. மூல வீட்டை, அதாவது முதலில் கட்டப்பட்ட வடிவிலான வீட்டை, சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் கட்டடங்களால் மூடப்படக் கூடாது. இந்த அளவுகளை வகுத்தவர்கள் அயலாரின் வெளிச்சத்தையும் தனிமையையும் எடைபோட்டே வகுத்தார்கள். அனுமதி பெறாமலே எவரும் 2 மீட்டர் உயர வேலி எழுப்பலாம் என்னும்போது, அதற்கு மேலே அரை மீட்டர் தெரிகிறது என்பதற்காக ஒருவரைக் குற்றவாளியைப் போல விசாரணைக்கு உட்படுத்துவது முறையா? விதிக்கு உட்பட்டுக் கட்டியவர் மீது புகார் கொடுப்பதற்கு ஒரு சிறு கட்டணமாவது விதிக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

வடக்குவேலி:

வேலிக்கு மேலே அரை மீட்டர் என்று நீங்கள் சொல்வது சமதளமான நிலத்துக்குப் பொருந்தும். எங்கள் தெரு சரிவில் இருக்கிறது. எங்கள் தோட்டம் பக்கத்துத் தோட்டத்தைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. அங்கே வேலியை ஒட்டி 7 மீட்டர் நீளத்துக்கு ஒரு கொட்டகை எழுந்திருக்கிறது. கட்டியவரின் பக்கத்தில் அது 2.5 மீட்டர், எங்கள் புல்தரையில் நின்று பார்த்தால் அதன் உச்சி மூன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொட்டகை எங்களுக்குத் தெற்கே நிற்பதால், குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து செல்லும் மாதங்களில் தோட்டத்தின் பாதிக்கு வெயிலே விழுவதில்லை. கவுன்சிலில் கேட்டபோது எல்லாம் விதிக்குட்பட்டதே என்று பதில் வந்தது.

ஆகவே, விதியை வகுத்தவர்கள் எங்களை எடைபோட்டார்கள் என்ற உங்கள் வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆணையில் உயரத்துக்கு வரம்பு உண்டு, தூரத்துக்கு வரம்பு உண்டு. வேலியை ஒட்டி எவ்வளவு நீளம் போகலாம் என்பதற்கு வரம்பே இல்லை. அத்துடன், கண்ணால் பார்த்தே 2.4 மீட்டரா 2.6 மீட்டரா என்று சொல்லும் ஆற்றல் எவருக்கும் இல்லை. பக்கத்து நிலத்துக்குள் சென்று அளக்கவும் எங்களுக்கு உரிமையில்லை. அளக்கும் உரிமை உள்ளவரை அழைப்பதுதான் புகார் என்பது. அதற்குக் கட்டணம் வைத்தால், வசதியுள்ளவர் மட்டுமே கேள்வி கேட்கலாம் என்றாகிவிடும்.

அளவுநாடா:

உள்ளூராட்சித் திட்டமிடல் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில், இந்த உயரக் கணக்கைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இந்த வகைப் புகார்களில் பெரும்பாலான மனக்கசப்பு இங்கேதான் தொடங்குகிறது.

கட்டடத்தின் உயரத்தை அதை ஒட்டிய தரையிலிருந்து அளக்க வேண்டும்; அந்தத் தரை சமமாக இல்லையென்றால், அதன் மிக உயர்ந்த பகுதியிலிருந்து அளக்க வேண்டும் என்கிறது ஆணை. எனவே சரிவில் நிற்கும் கொட்டகை தாழ்ந்த பக்கத்தில் 3 மீட்டருக்கு மேல் தெரிந்தாலும் அது விதிமீறல் ஆகாது. வடக்குவேலி அம்மையாருக்குக் கிடைத்த பதில் சட்டப்படி சரியானதே. அவருடைய வருத்தமும் நியாயமானதே.

ஆனால் அதே விதி கட்டுபவருக்கு எதிராகவும் திரும்பும். தரை என்பது இயற்கையான தரை. மண்ணைக் கொட்டி உயர்த்திய மேடோ, புதிதாகப் போட்ட காங்கிரீட் தளமோ அன்று. கடையில் 2.5 மீட்டர் என்று எழுதி விற்கும் கொட்டகையை 15 சென்டிமீட்டர் தளத்தின்மேல் நிறுத்தினால் அதன் உயரம் 2.65 மீட்டர், எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் அது நின்றால் விதிமீறல். கட்டடத்தின் ஒரு மூலை மட்டும் அந்த 2 மீட்டருக்குள் வந்தாலும் முழுக் கட்டடமும் 2.5 மீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. கொட்டகைக்கு முன்னால் மேடை அமைப்பவர்கள் 30 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்தினால் அதுவும் அனுமதி தேவைப்படும் வேலையாகிவிடும்.

புகாருக்குக் கட்டணம் என்ற யோசனை எனக்கு உடன்பாடில்லை. அமலாக்கப் பிரிவில் எத்தனை பேர் இருந்தாலும் எல்லாத் தோட்டங்களையும் சுற்றிப் பார்க்க முடியாது; அயலாரின் கண்ணை நம்பியே அந்த அமைப்பு இயங்குகிறது. மேலும், அனுமதியின்றிக் கட்டுவது தானாகவே குற்றமாவதில்லை. விதிமீறலைச் சரிசெய்யச் சொல்லும் அமலாக்க அறிவிப்பு வந்த பிறகும் அதற்கு இணங்காமல் இருப்பதுதான் குற்றம். அறிவிப்பு அனுப்புவது பொருத்தமா என்பதைக்கூட 1990-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டம் கவுன்சிலின் முடிவுக்கே விட்டிருக்கிறது. ஆகவே ஒரு கடிதம் வந்ததாலேயே தம்மைக் குற்றவாளி ஆக்கிவிட்டதாகப் பின்தோட்டம் ஐயா எண்ண வேண்டியதில்லை.

பின்தோட்டம்:

விளக்கத்துக்கு நன்றி, ஐயா. ஆனால் கடிதத்தைப் பெற்றவரின் நிலை எழுதுபவருக்குத் தெரிவதில்லை. நாளை வீட்டை விற்க முனையும்போது, அயலாருடன் தகராறு எதுவும் உண்டா என்று படிவத்தில் கேட்பார்கள். மறைத்தால் வாங்கியவர் பிறகு வழக்குத் தொடுக்கலாம். ஒருவர் கோபத்தில் எழுதிய நான்கு வரிப் புகாரின் சுமையை நான் ஆண்டுக்கணக்கில் சுமக்க வேண்டுமா?

வடக்குவேலி அம்மையாருக்கு ஒரு கேள்வி. வெளிச்சம் குறைந்தது என்கிறீர்கள். ஆனால் வெளிச்சத்துக்கான சட்ட உரிமை, 20 ஆண்டுகள் தடையின்றி ஒளி பெற்றுவந்த கட்டடத்தின் சாளரங்களுக்கு உரியது. புல்தரைக்கும் பூச்செடிகளுக்கும் உரியதன்று. காட்சிக்கு உரிமையில்லை என்பது 1610-ஆம் ஆண்டு ஆல்ட்ரெட் வழக்கிலேயே சொல்லப்பட்டுவிட்டது. இல்லாத உரிமை ஒன்றைக் காப்பதற்காக, இருக்கும் உரிமை ஒன்றைக் குறைக்கச் சொல்கிறீர்களா?

மூன்றாம்படி:

இந்த விவாதத்தைப் படித்துவிட்டு யாரும் உடனே கட்டத் தொடங்கிவிட வேண்டாம். அடுக்ககங்களுக்கு இந்த உரிமை கிடையாது. மரபுக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்ட வீட்டின் வளாகத்தில் சிறு கொட்டகைக்கும் அனுமதி வேண்டும். புதிய குடியிருப்புகள் சிலவற்றில், அனுமதி வழங்கும்போதே இந்த உரிமையை நிபந்தனையால் நீக்கிவிடுகிறார்கள். வீட்டுப் பத்திரத்தில் உள்ள கட்டுப்பாடுகள் இதற்கெல்லாம் தனி. கவுன்சில் அவற்றைப் பார்ப்பதே இல்லை.

வடக்குவேலி:

சட்டத்தில் இல்லாததை இருப்பதாக நான் சொல்லவில்லை. சட்டம் போதாது என்கிறேன். இவை இரண்டும் வேறு வேறு.

உயரத்தோடு இது முடிவதுமில்லை. தோட்டக் கருவிகளுக்கென்று எழுந்த கட்டடத்தில் குழாயும் கழிவறையும் வருகின்றன. சில மாதங்களில் இரவு முழுவதும் விளக்கு எரிகிறது. வீட்டின் பயன்பாட்டுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்பதுதான் அனுமதியின் அடிப்படை. படுக்கையறையாகவோ சமையலறையாகவோ தனிக் குடியிருப்பாகவோ மாறினால் அந்த அனுமதி அதற்குப் பொருந்தாது. மேற்கு லண்டனிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் கொட்டகைகளை வாடகைக்கு விட்டு, காற்றோட்டமோ தீப்பாதுகாப்போ இல்லாத அறைகளில் மனிதர்களைக் குடிவைத்தது நம்மில் பலருக்கும் தெரிந்த செய்திதான். ஸ்லவ் நகரத்துக் கவுன்சில் 2013-இல் விமானத்திலிருந்து வெப்பப் படமெடுத்து அவற்றைத் தேடும் நிலை ஏற்பட்டது. நம்மவர்களும் அங்கே குடியிருந்தார்கள், நம்மவர்களும் வாடகைக்கு விட்டார்கள். அப்போது அயலார் யாராவது முன்பே புகார் எழுதியிருந்தால் அதைப் பொறாமை என்று சொல்லியிருப்போமா?

பின்தோட்டம்:

சைக்கிள் வைக்கும் கொட்டகையையும் மனிதர்களை அடைத்து வாடகை வாங்கும் கொட்டகையையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நேர்மையன்று. பின்னதை எதிர்ப்பதில் நான் உங்களுக்குப் பின்னால் நிற்க மாட்டேன், பக்கத்தில் நிற்பேன். ஆனால் அதற்குரிய விதி ஏற்கெனவே இருக்கிறது. தரைப்பரப்பு 15 சதுர மீட்டருக்குக் குறைந்த கொட்டகைக்குக் கட்டட விதிகளிலிருந்து கிடைக்கும் விலக்குக்கூட, அதில் யாரும் உறங்கும் வசதி இல்லாதவரைதான். குற்றம் செய்பவரைப் பிடிக்க முடியாததற்கு, குற்றம் செய்யாதவரைச் சந்தேகிப்பது தீர்வாகாது.

வடக்குவேலி:

அப்படியானால் சந்தேகத்துக்கே இடமில்லாத ஒரு வழியை முன்வைக்கிறேன். வீட்டின் பின்புறம் ஒற்றைத் தளமாக நீட்டிக் கட்டும்போது, வழக்கமான அளவைத் தாண்டித் தனி வீடுகளில் 8 மீட்டர் வரையும் மற்ற வீடுகளில் 6 மீட்டர் வரையும் போக விரும்பினால், கவுன்சில் முதலில் பக்கத்து வீட்டாருக்கு அறிவித்து 21 நாள் அவகாசம் தருகிறது. எவரும் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் வேலை தொடரும். மறுப்பு வந்தால் மட்டும், அயலாருக்கு ஏற்படும் பாதிப்பைக் கவுன்சில் ஆராயும். வேலியை ஒட்டி 5 மீட்டருக்கு மேல் நீளும் கொட்டகைகளுக்கும் இதே முறையைக் கொண்டுவர என்ன தடை? உங்கள் சைக்கிள் கொட்டகை இதற்குள் வராது. என் வேலியோரத்தில் நிற்கும் 7 மீட்டர் சுவர் வரும்.

அளவுநாடா:

சட்டத்தின் வடிவத்துக்குள் அடங்கும் யோசனை இது. ஆனால் 5 மீட்டர் என்று வரம்பு வைத்தால், 4.9 மீட்டரில் இரண்டு கொட்டகைகள் அடுத்தடுத்து முளைக்கும். ஒரு வேலியின் மொத்த நீளத்தில் எத்தனை பங்கு கட்டடத்தால் மறைக்கப்படுகிறது என்று கணக்கிடுவதே பொருத்தம். தாழ்ந்த நிலத்திலிருந்து பார்க்கும் உயரத்தையும் அதில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் உங்கள் தெருவுக்கு அதனால் பயனில்லை.

இப்போதைக்குக் கட்டுபவர்களுக்கு நான் சொல்வது, தொடங்குமுன் சட்டப்படியான கட்டுமானச் சான்றிதழ் பெறுங்கள் என்பதே. அதன் கட்டணம் வழக்கமான அனுமதிக் கட்டணத்தில் பாதி. அயலார் விரும்புகிறார்களா என்ற கேள்வி அதில் எழாது. விதிக்குள் அடங்குகிறதா என்பது மட்டுமே பார்க்கப்படும். வீட்டை விற்கும்போதும் அது கைகொடுக்கும். முன்பெல்லாம் 4 ஆண்டுகள் கழிந்தால் கட்டடத்தின் மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்று பலர் துணிந்திருந்தார்கள். 2024 ஏப்ரல் 25-க்குப் பிறகு முடிக்கப்பட்டவற்றுக்கு இங்கிலாந்தில் அந்தக் காலம் 10 ஆண்டுகள்.

இன்னொன்றும் உண்டு. வேலிக்கும் கொட்டகைக்கும் இடையே ஆள் நுழைய முடியாதபடி ஒட்டிக் கட்டுகிறவர்கள், பின்சுவருக்கு மரப்பூச்சு அடிக்க வேண்டிய நாளில் அயலாரின் தோட்டத்துக்குள்தான் நிற்க வேண்டியிருக்கும். அவர் மறுத்தால், அயல் நிலத்துக்குள் நுழைவது பற்றிய 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

பின்தோட்டம்:

நான் விட்டிருக்கும் அரை மீட்டர் அதற்காகத்தான். சான்றிதழ் பற்றிய அறிவுரையையும் ஏற்கிறேன். கட்டி முடித்தவற்றுக்கும் அது கிடைக்கும் என்பதால் விண்ணப்பிக்கப் போகிறேன். 21 நாள் அறிவிப்பைப் பொறுத்தவரை, மறுப்புக்கான காரணம் வெளிச்சமோ உயரமோ நீளமோ என்று அளந்து காட்டக்கூடியதாக இருக்க வேண்டும், மறுப்பவரின் முகவரி கோப்பில் இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு என்றால் எதிர்க்க மாட்டேன். பெயர் தெரியாத புகாரை மட்டும் எந்த வடிவத்திலும் ஏற்க முடியாது.

வடக்குவேலி:

முதல் நிபந்தனையை ஏற்கிறேன். இரண்டாவதை, அறிவிப்புக்குப் பதில் எழுதும்போது மட்டும் ஏற்கிறேன். விதிமீறல் பற்றிய புகாருக்கு ஏற்க மாட்டேன். கொட்டகையில் ஆள் குடியிருக்கிறார் என்று கவுன்சிலுக்குத் தெரிவிப்பவர் அடுத்த நாளும் அதே வேலிக்கு இப்பால் வாழ வேண்டியவர்.