ஹர்திக் மேல் இருந்த கோபம் போய்விட்டது, ஆனால் சரியான காரணத்துக்காகத்தான் போனதா?

ஃபைன்லெக் எழுதியது:

2024 ஐபிஎல்லில் ஹர்திக் பாண்டியாவை வாய்க்கு வந்தபடி திட்டியவர்களில் நானும் ஒருவன். மும்பைக்கு ஐந்து கோப்பை வாங்கிக் கொடுத்த ரோஹித்தைக் கேப்டன் பதவியிலிருந்து இறக்கிவிட்டு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார் என்ற எரிச்சல்தான் ஆரம்பம், அப்புறம் அவர் எது செய்தாலும் தப்பாகவே தெரிந்தது. அகமதாபாத்தில் நடந்த முதல் மேட்சில் ரோஹித்தை லாங் ஆன் எல்லைக்கு அனுப்பினாரே, அவர் கை காட்டிய விதமே எனக்குத் திமிராகப் பட்டது. ஃபீல்டரை இடம் மாற்றுவது எந்தக் கேப்டனும் ஓவருக்கு நாலு தடவை செய்கிற வேலை. அது தெரியாதவன் இல்லை நான்.

ஏப்ரல் 14, வான்கடே. சென்னைக்கு எதிராகக் கடைசி ஓவரை அவரே போட வந்து, தோனியிடம் வரிசையாக மூன்று சிக்ஸர் வாங்கி, அந்த ஓவரில் மட்டும் 26 ரன் போய், கடைசியில் மேட்சில் தோற்றதும் 20 ரன்னில்தான். அன்று ராத்திரி நான் போட்ட மீம்களை இப்போது எடுத்துப் பார்த்தால் எனக்கே என்னவோ போல் இருக்கிறது.

சரியாக 76 நாள் கழித்து பார்படாஸில் டி20 உலகக் கோப்பை ஃபைனல். தென்னாப்பிரிக்காவுக்கு 24 பந்தில் 26 ரன் வேண்டும், கிளாசன் பிய்த்து உதறிக்கொண்டிருக்கிறார், ஹர்திக் வந்து முதல் பந்திலேயே அவரைத் தூக்கினார். கடைசி ஓவரில் 16 ரன் வேண்டும், மறுபடியும் அதே ஆள் கையில் பந்து. மில்லர் அவுட். 7 ரன்னில் ஜெயித்தோம். அவர் அழுதார், ரோஹித் வந்து கன்னத்தில் முத்தம் கொடுத்தார், இங்கே எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அன்றோடு கோபம் போயே போச்சு. ஆனால் யோசித்துப் பார்த்தால் இது மனம் மாறியதா, கோப்பை வந்த குஷியில் மறந்துபோனதா என்று எனக்கே தெரியவில்லை. உங்களுக்கு இப்படி எந்த வீரரைப் பற்றியாவது எண்ணம் மாறியிருக்கிறதா? எதனால் மாறியது?

மூன்றாம் அம்பயர் எழுதியது:

மன்னிக்கவும், நீங்கள் மறுபடி யோசிக்கவே இல்லை, கட்சி மாறியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

மில்லர் அடித்த அந்தப் பந்தை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். அது ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன ஃபுல் டாஸ், தரையில் குத்தாமல் நேராக வந்த பந்து. சூர்யகுமார் ஓடி வந்து பிடித்து, கயிற்றைத் தாண்டுவதற்கு முன் பந்தை மேலே தூக்கிப் போட்டுவிட்டு, வெளியே போய்த் திரும்ப உள்ளே வந்து பிடித்தார். அந்தத் தூக்கிப் போடுதல் ஒரு நொடி பிசகியிருந்தால் ஆறு ரன், மீதி 5 பந்தில் 10, எதிரே மில்லர். ஹர்திக் போட்ட பந்தில் எந்த மாற்றமும் இருந்திருக்காது, அவருடைய குணத்திலும் இருந்திருக்காது, ஆனால் அன்று ராத்திரி நீங்கள் போட்டிருக்கும் மீம் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியென்றால் ஏப்ரலில் அவரைக் கெட்டவன் என்று சொன்னதும் ஜூனில் தங்கம் என்று சொன்னதும் ஒரே லட்சணம்தானே?

அதற்காக அவரைக் குறையே சொல்லக் கூடாது என்பதில்லை. ஹைதராபாத் 277 அடித்த மேட்சில் மும்பையின் முக்கியப் பந்துவீச்சாளர் பும்ராவுக்கு நாலாவது ஓவரைக் கொடுத்துவிட்டு அடுத்த ஓவரைப் பதிமூன்றாவதாகத்தான் கொடுத்தார். அது எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. அந்த சீசனில் மும்பை கடைசி இடம், கேப்டன் என்ற முறையில் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மைதானத்துக்குள் ஒரு நாய் ஓடியதும் கூட்டம் ‘ஹர்திக், ஹர்திக்’ என்று கத்தியதே, அதற்கும் பும்ராவின் ஓவருக்கும் என்ன சம்பந்தம்? கேப்டனை மாற்றுவது அணி நிர்வாகம் எடுத்த முடிவு. நிர்வாகத்தைப் பார்த்துக் கத்த முடியாது, டாஸ் போட வருகிறவரைப் பார்த்துக் கத்தலாம், அதனால் கத்தினார்கள்.

கவர் டிரைவ் எழுதியது:

நான் வேறு மாதிரி. உலகக் கோப்பையிலும் எனக்கு அவரைப் பற்றிய எண்ணம் மாறவில்லை, ஏனென்றால் என் வருத்தம் கேப்டன் பதவியைப் பற்றியதே இல்லை. 2019 ஜனவரியில் வந்த அந்தத் தொலைக்காட்சிப் பேட்டியில் பெண்களைப் பற்றி அவர் பேசியது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பே கூசியது. மூன்று விக்கெட் எடுத்ததும் அதை எப்படி அழிக்கும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பேட்டிக்கு அப்போதே தண்டனை கிடைத்தது. ஆஸ்திரேலியத் தொடரிலிருந்து திருப்பி அனுப்பினார்கள், சஸ்பெண்ட் செய்தார்கள், மன்னிப்புக் கேட்டார், பிறகு 20 லட்சம் அபராதம். அதில் 10 லட்சம் பணியில் உயிரிழந்த துணை ராணுவக் காவலர்களின் மனைவியருக்கு, 10 லட்சம் பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கு. அதே சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கே.எல். ராகுலுக்கும் அதே சஸ்பென்ஷன், அதே 20 லட்சம். ஹர்திக் அளவுக்கு அவர் பேசவில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் ராகுல் பெயரைக் கேட்டதும் அந்தப் பேட்டி யாருக்காவது ஞாபகம் வருகிறதா? எனக்கு வரவில்லை. ஒருவர் அமைதியாகச் சிரிக்கிற பையன், இன்னொருவர் கழுத்தில் சங்கிலியும் காதில் வைரக் கடுக்கனும் போட்டவர். நான் பேச்சைப் பார்த்துக் கோபப்பட்டேனா, கடுக்கனைப் பார்த்தா என்று என்னையே கேட்டுக்கொண்டபோது பதில் அவ்வளவு சுத்தமாக வரவில்லை.

நைட் வாட்ச்மேன் எழுதியது:

கோடி கோடியாக வாங்குகிறார்கள், நாலு பேர் திட்டினால் என்ன குறைந்துவிடும்? இதற்கெல்லாம் உட்கார்ந்து மனசாட்சி ஆராய்ச்சியா?

மூன்றாம் அம்பயர் எழுதியது:

விளையாடுவதற்குத்தான் அந்தக் கோடி, அண்ணே. நம்மிடம் திட்டு வாங்குவதற்கு என்று தனியாக ஒப்பந்தத்தில் எழுதியிருக்க மாட்டார்கள்.

ஆஃப்சைடு எழுதியது:

கிரிக்கெட் பக்கம் அதிகம் வராதவன், என் ஆள் உருகுவேயின் கால்பந்து வீரர் லூயிஸ் சுவாரெஸ். 2010 உலகக் கோப்பைக் காலிறுதி, கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம், கோலுக்குள் போக இருந்த கானாவின் பந்தைக் கையால் தடுத்தார். சிவப்பு அட்டை, பெனால்டி. ஜியான் அடித்தது கம்பத்தில் பட்டுப் போனது, பிறகு ஷூட்அவுட்டில் உருகுவே ஜெயித்தது. ஏமாற்றுக்காரன் என்று பல வருடம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது, அவர் யாரையும் ஏமாற்றவே இல்லை. எல்லோர் கண் முன்னாலும் செய்தார், விதியில் அதற்கு என்ன தண்டனையோ அது முழுசாகக் கிடைத்தது, பெனால்டியைத் தவறவிட்டது அவர் இல்லை. அதே நேரத்தில் நானாக இருந்தால் கை தானாகப் போயிருக்கும்.

ஆனால் கடித்தாரே! 2010, 2013, 2014 என்று மூன்று தடவை, மூன்று வெவ்வேறு ஆட்டக்காரர்களை. நடுவில் எதிரணி வீரர் எவ்ராவை இனரீதியாகத் திட்டியதற்கு 8 மேட்ச் தடை வேறு. ஒரு தடவை என்றால் ஆத்திரம் என்று விட்டுவிடலாம், மூன்றாவது தடவைக்கு என்ன பெயர் வைப்பது? அதனால் கையால் தடுத்ததை விட்டுவிட்டேன், கடித்ததை விடவில்லை. ஒரே ஆளைப் பற்றி இரண்டு கருத்து வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்குப் புரியவே நாலைந்து வருடம் ஆனது.

ஃபைன்லெக் எழுதியது:

அம்பயர் சொன்னதும் போய் அந்த ஃபுல் டாஸைப் பார்த்தேன். ஆமாம், மோசமான பந்துதான். இத்தனை தடவை பார்த்திருக்கிறேன், கேட்சைத்தான் பார்த்தேன், பந்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

கவர் டிரைவ், அந்தப் பேட்டியை நான் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தேன், நீங்கள் சொல்லித்தான் ஞாபகம் வந்தது. வேடிக்கை என்னவென்றால் 2019-ல் எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை, சின்னப் பையன் ஏதோ உளறிவிட்டான் என்று அவருக்காக வாதாடியிருக்கிறேன். கோபப்பட வேண்டிய இடத்தில் வக்காலத்து, ஃபீல்டிங் மாற்றியதற்குக் கோபம்.

போனில் அந்த சீசனின் மீம்கள் பதினொன்று கிடந்தன. பத்தை அழித்துவிட்டேன். நாய் வீடியோ மட்டும் இன்னும் இருக்கிறது, அழிக்கலாம் என்று திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது.