தவக்காலமும் ஒரு கடல் பாட்டும்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் தினமும் ஜெபம், வேத வாசிப்பு என்று விடாமல் செய்து பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் பாம்பன்.

2025-இல் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் மார்ச் 5. அன்றே முடிவு செய்தேன்: 40 நாளும் விடியுமுன் பைபிளிலிருந்து ஒரு திருப்பாடல். வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனால் நான் வாசிப்பேன், அவர் தூக்குச்சட்டியில் கஞ்சி ஊற்றிக்கொண்டே கேட்பார். முதல் வாரம் சுமார்தான். எனக்குக் கொட்டாவி, அவருக்கு நினைப்பெல்லாம் வலையில்.

ஒருநாள் 107-ஆம் திருப்பாடலைத் திறந்தேன். கப்பலேறிப் போனவர்களை அலை வானத்துக்கும் ஆழத்துக்குமாகத் தூக்கிப்போடுவதும், அவர்கள் குடிகாரர்போலத் தள்ளாடுவதும் அதில் வருகிறது. சட்டி மூடியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். "இத எழுதுனவன் படகுல போயிருக்கான்" என்றார். அப்புறம் எதை வாசித்தாலும், "அந்தக் கடல் பாட்டையும் வாசி" என்பார்.

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி தென்கடலுக்குப் போனவர் விடிந்தும் வரவில்லை. போனும் கிடைக்கவில்லை. காற்று வேறு ஏறிக்கொண்டிருந்தது. மாமியார் ஜெபமாலையை எடுத்துக்கொண்டார். எனக்கு ஜெபம் வாயில் வரவே இல்லை. அந்த 107-ஐயே வாசித்தேன். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. விரும்பிய துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்ற இடம் வந்தால் மட்டும் ஒவ்வொரு முறையும் குரல் அடைத்தது. விரல் வியர்வையில் நைந்த அந்தப் பக்கத்தின் ஓரம் இன்றும் அப்படியே இருக்கிறது.

பத்து மணிக்கு மேல் இன்னொரு வள்ளம் இவர்கள் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. இன்ஜினில் தண்ணீர் ஏறிவிட்டதாம்.

நான் வாசித்ததால் வந்தார் என்று சொல்லமாட்டேன். என்னைவிட உருகி ஜெபித்தவர்கள் வீட்டில் ஆள் திரும்பாமல் போனதும் இதே கரையில்தான். அவர்கள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஆனால் படகு அரை மணி நேரம் பிந்தினாலே கரைக்கும் வீட்டுக்குமாக ஓடி, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறவள் நான். அன்று மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கீழக்கரையிலிருந்து ஒரு பதில்:

அக்கா, என்னுடையது இவ்வளவு பெரிதில்லை. ஒரு முஸ்லிம் பாய் கடையில் வேலை பார்க்கிறேன். அந்த வருடம் ரம்ஜான் நோன்பும் மார்ச் 2-இலேயே தொடங்கிவிட்டது. முதலாளி மதியம் லுஹர் தொழப் போகிற நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் நின்று மொபைலில் அன்றைய நற்செய்தியை வாசிப்பேன். ஒருநாள் திரும்பி வந்தவர், "என்ன தம்பி, ஓதியாச்சா?" என்றார். வெட்கமாகிவிட்டது. அன்றைக்குப் பார்த்து வாசிக்கவில்லை. முதல் வெள்ளி நோன்புக்கஞ்சியில் கறி கிடந்தது. தவக்கால வெள்ளியில் எங்களுக்குச் சுத்தபோசனம், கறி சேர்க்கமாட்டோம் என்று சொல்லி வேண்டாம் என்றேன். அடுத்த வெள்ளியிலிருந்து அவர் வீட்டம்மா கறி போடாமல் தனியாக ஒரு தூக்கில் கொடுத்துவிடுவார். கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து வந்து குடிப்பேன். ஆறிப்போயிருக்கும், ஆனால் ருசி!

தங்கச்சிமடத்திலிருந்து இன்னொரு பதில்:

எனக்கு மூன்றாம் வாரத்தோடு விட்டுப்போச்சு. ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று, கோயிலில் கொடுத்த ஓலையை பைபிளுக்குள் வைக்கத் திறந்தால், அடையாளம் வைத்த சீட்டு அதே பக்கத்தில் கிடக்கிறது. சரி, அக்கா, அந்தக் கடல் பாட்டு 107-தானே?